காற்றுக்கும் கணக்கு எழுதுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



உங்களில் கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். இரவு ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள்? கல்லாவை எண்ணுகிறீர்கள். வரவு, செலவு, கடன், பாக்கி அத்தனையும் நோட்டில் ஏறுகிறது. நூறு ரூபாய் குறைந்தால் கடைப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். வந்திறங்கும் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்காமல் எவராவது கையெழுத்துப் போடுவீர்களா?

ஒரு மனிதன் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் இரண்டு, மூன்று லிட்டர். சுவாசிக்கும் காற்றோ சுமார் பத்தாயிரம் லிட்டர்! நமக்குள்ளே இறங்கும் சரக்குகளிலேயே பெரிய சரக்கு இதுதான். இதன் தரத்தைப் பார்த்தது யார்? எந்த நோட்டில் எழுதியிருக்கிறோம்?

இதென்ன, மார்க்கம் பேச வந்தவர் காற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு அதிகாரி. அதுவும் நான் திட்டித் தீர்த்த அதிகாரி!

சில ஆண்டுகளுக்கு முன்னால், தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் ஒரு மொஹல்லாவிலிருந்து என்னை அழைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இரவானால் ஒரு நாற்றம். பிள்ளைகள் இருமுகின்றன, பெரியவர்களுக்குக் கண் எரிகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். ஜமாஅத் லெட்டர்பேடு, முத்திரை, இருநூறு கையெழுத்து. நாற்றத்தைப் பற்றி இரண்டு வரி, நம்முடைய கொதிப்பைப் பற்றி இரண்டு பக்கம்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. காற்று சுத்தமாக இருக்கிறது. அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கே பாய் நாத்தம்?"

"ராத்திரியில வருது சார்."

"என்னைக்கு ராத்திரி?"

"டெய்லி வருது சார்."

"டெய்லின்னா? நேத்து வந்துச்சா? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் இருந்துச்சு? காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு? எத்தனை பேருக்கு வாந்தி?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முத்தவல்லிக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட இருநூறு பேருக்கும் தெரியவில்லை. அதிகாரி போய்விட்டார். அன்று மாலைக் கூட்டத்தில் நான் அவரைக் கிழித்தெடுத்தேன். கம்பெனிக்கு விலைபோனவர் என்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கே உறைத்தது. அவர் கேட்டதில் என்ன தப்பு? நம்மிடம் பதில் இல்லை என்பதற்காக அவரைத் திட்டினேன். அவர் நல்லவரா கெட்டவரா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

போபால் நமக்குச் சொன்னது என்ன?

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு. போபாலின் பழைய நகரத்தை ஒட்டி யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலை. எதிரே குடிசைகள். ஏழைத் தொழிலாளிகள், அவர்களில் நம் சமுதாயத்தவர் ஏராளம். மீத்தைல் ஐசோ சயனேட் என்ற விஷ வாயு சுமார் 40 டன் வெளியேறியது. அரசு முதலில் ஒப்புக்கொண்ட சாவு 2,259. பிறகு இழப்பீட்டுக்காக அரசே ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. அங்குள்ள மக்கள் சொல்லும் கணக்கு இதைவிடப் பல மடங்கு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1981 டிசம்பரிலேயே அதே ஆலையில் அஷ்ரஃப் கான் என்ற தொழிலாளி பாஸ்ஜீன் வாயுவை சுவாசித்து இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதைத் தோண்டித் துருவி, 1982ல் தன்னுடைய சின்ன வாரப் பத்திரிகையில் இந்த நகரம் எரிமலை மேல் இருக்கிறது என்ற பொருளில் திரும்பத் திரும்ப எச்சரித்தார். ஊர் கேட்கவில்லை, அரசு கேட்கவில்லை. சின்னச் சின்னக் கசிவுகள் வந்தன. கண் எரிந்தது, பிறகு சரியாகிவிட்டது. பழகிவிட்டது!

இந்தப் "பழகிவிட்டது" என்ற சொல் இருக்கிறதே, வாயுவைவிட அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று அந்த இரவில் சொல்லியிருந்தால்கூடப் பல உயிர்கள் பிழைத்திருக்கும். சொல்ல ஆளில்லை. எந்த வாயு என்பதே ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குத் தெரியவில்லை.

பக்கெட் படை

சரி, வாயுவை அளக்க நம்மால் முடியுமா? லட்சக்கணக்கில் விலையுள்ள மிஷின் வேண்டுமே என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ரோடியோ என்ற ஊர். 1994ல் அங்கிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாட்கள் ரசாயனம் கசிந்தது. மக்கள் நோயில் விழுந்தார்கள். கம்பெனியும் அதிகாரிகளும் காற்றில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மக்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வக்கீல், குறைந்த செலவில் காற்றைப் பிடிக்க ஒரு கருவி செய்யச் சொன்னார். 1995ல் வந்தது பக்கெட்! ஆமாம், நாம் குளிக்கிற பிளாஸ்டிக் பக்கெட்தான். இறுக்கமான மூடி. உள்ளே ரசாயனத்தோடு வினை செய்யாத டெட்லர் என்ற பை. அந்தப் பையின் வாயிலிருந்து ஒரு குழாய் மூடி வழியாக வெளியே வரும். சிறிய பம்பு வைத்துப் பக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் பை தானாக விரியும். வெளிக்காற்று பைக்குள் வந்துவிடும். குழாயை மூடி, பையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் எந்த ரசாயனம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். நாற்றம் வந்த நேரத்தில், வந்த இடத்தில், வீட்டுக்காரப் பெண்ணே பிடித்த சாட்சி!

லூசியானாவில் நார்கோ என்ற ஊரில் டயமண்ட் என்று ஒரு கறுப்பின மக்களின் குடியிருப்பு. ஷெல் கம்பெனியின் ரசாயன ஆலைக்கு வேலி ஓரத்திலேயே வீடுகள். மார்கி ரிச்சர்ட் என்ற பள்ளி ஆசிரியை இந்தப் பக்கெட்டைத் தூக்கினார். 2002ல் அந்த மக்களை வேறிடத்தில் குடியமர்த்தச் செலவு தர ஷெல் ஒப்புக்கொண்டது. அவரிடம் இருந்தது கட்சியும் அல்ல, பணமும் அல்ல.

அமெரிக்காக்காரனுக்கு ஆகும், நமக்கு ஆகுமா? ஆகும்! கடலூருக்குப் போய்ப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஈச்சங்காடு, குடிகாடு, சொன்னஞ்சாவடி என்று கிராமங்கள். 2004ல் அங்கே மீனவர்களும் விவசாயிகளும் கூலிக்காரர்களும் பயிற்சி பெற்றார்கள். முதலில் மூக்கு. என்ன வாடை, எந்த ஆலைப் பக்கம், எத்தனை மணி என்று தினமும் நோட்டில் எழுதினார்கள். பிறகு பக்கெட். பிடித்த காற்றைக் கலிபோர்னியாவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருப்பது தெரிய வந்தது. புற்றுநோய்க்குக் காரணமானவையும் அதில் அடக்கம். அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவே அங்கே வந்து இறங்கியது. பின்னர் நீரி என்ற மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. சிப்காட் காற்றைச் சுவாசிப்பவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் 2,000 மடங்கு அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது 2008ல் பத்திரிகைகளில் வெளிவந்தது. கிராமத்து மக்கள் எழுதிய நோட்டில் ஆரம்பித்த விஷயம் இது!

அரசு மிஷின் இருக்கிறதே?

இருக்கிறது. சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என்று சில இடங்களில் தானாக அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. 'சமீர்' என்ற செல்போன் செயலியில் இலக்கங்களைப் பார்க்கலாம். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு பாருங்கள்.

ஒன்று, 2009ல் மத்திய அரசு அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுகளில் மொத்தம் 12 மாசுகள்தான். தூசு, கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா, பென்சீன், ஈயம் என்று போகும். அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்தப் பட்டியலில் இல்லை. தோல் ஷாப்பு, சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி பக்கம் குடியிருப்பவனுக்கு அதுதான் எமன்.

இரண்டாவது, சராசரி என்ற வித்தை. வியாபாரிகளுக்கு இது சட்டென்று புரியும். அம்மோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. ராத்திரி ஒரே ஒரு மணி நேரம் 4,800 வந்தது, மற்ற 23 மணி நேரமும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஆல் வகுத்தால்? 200. விதிக்குப் பாதிதான்! கணக்கில் பாஸ். அந்த ஒரு மணி நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிய குழந்தையைச் சராசரியில் எங்கே தேடுவீர்கள்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் இதைத்தான் பார்த்தோம். கடலுக்கு அடியில் போகும் அம்மோனியாக் குழாயிலிருந்து கசிவு. தூங்கியவர்கள் மூச்சு முட்டி எழுந்து கைக்குழந்தைகளோடு ரோட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு வாரியம் வந்து ஆலை வாசலில் அளந்தபோது 2,090 மைக்ரோகிராம் இருந்தது. மக்களுக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தது எது? அவர்களுடைய மூக்கு!

ஆனால் மூக்கையும் முழுதாக நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று உள்ளே இறங்குகிறவன் பிணமாகத் திரும்புவான். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் கவனிக்க.

சில ஆயிரம் ரூபாய்க்குத் தூசு அளக்கும் சின்னக் கருவிகள் வந்திருக்கின்றன. இளைஞர்கள் ஆசையாக வாங்குகிறார்கள், நல்லதுதான். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராத நுண்தூசு, 2.5 மைக்ரான் என்பார்களே, அதன் போக்கை அது காட்டும். நம் நாட்டில் இதற்கு ஒரு நாள் அளவு 60. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 15. ஆனால் பனி மூட்டத்தில் அந்தக் கருவி கூட்டிக் காட்டும், வாயுவை அது பிடிக்காது. அந்த இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேஸ்புக்கில் சண்டைக்குப் போகாதீர்கள். எதிரி ஒரே கேள்வியில் உங்களை மடக்கிவிடுவான்.

நோட்டு எப்படி எழுதினோம்?

நான் சொன்ன மொஹல்லாவுக்கு வருவோம். அங்கே மறுபடியும் போனேன். போன தடவை பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு நோட்டை வைத்தேன்.

நாற்றம் ஏன் இரவில் வருகிறது? கம்பெனிக்காரன் ராத்திரியில் திறந்து விடுகிறான் என்பார்கள். அதுவும் நடக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. பகலில் தரை சூடாகிறது, சூடான காற்று புகையையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். இரவில் தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அப்படியே தங்குகிறது. மேலே இருக்கும் சூடான காற்று அதை மூடிவிடுகிறது. தம் போட்ட பிரியாணி தேக்சா மாதிரி! சூரியன் ஏறிய பிறகுதான் மூடி திறக்கும். ஆகவே விஷம் அதிகம் தங்கும் நேரம் இஷாவுக்குப் பிறகிலிருந்து பஜ்ரு தாண்டும் வரை. அதிகாரி வருவதோ பதினொரு மணி!

அந்த அதிகாலையில் தெருவில் நடப்பவர்கள் யார்? பள்ளிக்கு வருகிறவர்கள். தினம் ஐந்து முறை, ஒரே தெருவில், குறித்த நேரத்தில் நடக்கிறார்கள். இப்படி ஒரு ரோந்துப் படையைச் சம்பளம் கொடுத்து வைக்க எந்த அரசாலும் முடியாது. செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். தேதி, மணி, நின்ற இடம், என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து, யாருக்கு என்ன தொந்தரவு. அவ்வளவுதான். வாடை இல்லாத நாளில் "இல்லை" என்று எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தோம். அந்த "இல்லை"தான் மற்றதை நம்ப வைக்கும்.

இன்னொரு நோட்டு பெண்களிடம். உண்மையைச் சொல்லப்போனால் அதுதான் நல்ல நோட்டு. ஆண்கள் "கெட்ட வாடை" என்று எழுதிவிட்டுப் போனார்கள். பெண்கள் "அழுகின முட்டைகோஸ்", "நெயில் பாலிஷ் மாதிரி", "கருகின பிளாஸ்டிக்" என்று பிரித்து எழுதினார்கள். பிள்ளை எத்தனை முறை இருமியது என்பதும் இருந்தது.

நாற்பது நாள் கழித்து உட்கார்ந்து பார்த்தோம். 31 பதிவுகள். அதில் 22 இரவு நேரம், காற்று ஆலைப் பக்கமிருந்து. மீதி 9? மாலை நேரம். கருகின பிளாஸ்டிக் வாடை. காற்றோ ஆலைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து!

எதிர்த் திசையில் என்ன இருக்கிறது? எல்லோருக்கும் தெரியும். நம்முடைய பாய் ஒருவரின் பழைய இரும்பு குடோன். ஒயரை மூட்டை மூட்டையாக வாங்கி, எரித்து, உள்ளே இருக்கும் செம்பை எடுக்கிறார்கள். ஒயர் மேலுறை பி.வி.சி. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும். அவர் பள்ளிக்கு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தவர். ரமலானில் கஞ்சிக்கு அரிசி தருபவர்.

கூட்டத்தில் மௌனம். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், அந்த ஒன்பதையும் விட்டுட்டு இருபத்திரண்டை மட்டும் கொடுத்துடலாமே? நம்மாளை நாமே காட்டிக் கொடுக்கலாமா?"

சகோதரர்களே! இந்த இடத்தில்தான் நம்முடைய யோக்கியதை தெரியும். கம்பெனி முதலாளி அந்நியன், அவனுக்கு எதிராகக் கோஷம் போட நமக்குச் சுகமாக இருக்கிறது. நம் ஆள் என்றால் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறோம். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹலாலான பண்டத்தின் வாடைக்கே இந்தச் சட்டம்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ என்ற அறிஞர் கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுகளுக்காக எழுதிய நூலில், ரொட்டிக் கடைக்காரர்களின் கூரை உயரமாகவும் புகை போக அகலமான வழியோடும் இருக்க வேண்டும் என்று விதி சொல்லியிருக்கிறார். புகைக்குக் கணக்குக் கேட்பது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த விஷயம் அல்ல.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. நானும் முத்தவல்லியும் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் குடோனுக்கே போனோம். அவர் கொதித்தார். "நான் ஒருத்தன் எரிக்கிறதாலதான் ஊரு செத்துப்போச்சா? பன்னெண்டு குடும்பம் என்கிட்ட சாப்பிடுது ஹஜ்ரத்!" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் சொன்னது அவருடைய மகன். ஒயர் உரிக்கும் மிஷின் இருக்கிறது, எரித்துக் கறுத்த செம்பைவிட உரித்த செம்புக்கு மார்க்கெட்டில் விலை கூடுதல் என்றான். மெல்லிய ஒயருக்கு அந்த மிஷின் சரிவராது என்றார் தகப்பன். இருவரும் எங்கள் முன்னாலேயே அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் மிஷின் வந்தது. பெரிய ஒயர் எரிப்பது நின்றது. மெல்லிய ஒயரை அவர் வேறு ஊருக்கு விற்றுவிடுகிறார். அங்கே யார் எரிக்கிறார்களோ! அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்களில் பழைய பேட்டரி உருக்குபவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். ஈயப்புகை முதலில் போய்ச் சேருவது உங்கள் வீட்டுக் குழந்தையின் ரத்தத்தில். உங்கள் சட்டையிலேயே அது வீட்டுக்கு வருகிறது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று என்னிடம் ஓதிப்பார்க்க வராதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள்.

பிறகு என்ன செய்தோம்? 31 பதிவுகளையும், நம்முடைய ஒன்பதையும் சேர்த்தே, நகல் எடுத்து வாரியத்துக்குக் கொடுத்தோம். தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த ஆலைக்கு வாரியம் கொடுத்த இயக்க அனுமதியின் நிபந்தனைகளைக் கேட்டோம். 30 நாளில் தர வேண்டும், சற்றுத் தாமதித்து வந்தது. நாம் எழுதும் நோட்டும் பிடிக்கும் பக்கெட்டும் தண்டனை வாங்கித் தராது, சட்டப்படி மாதிரி எடுக்க வேண்டியவர்கள் வாரியத்தார்தான். ஆனால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பதை நோட்டு சொல்லும். அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. கடிதம் கொடுக்கும்போது ஒப்புதல் வாங்காமல் கொடுக்காதீர்கள். சரக்கு அனுப்பிவிட்டு ரசீது வாங்காத வியாபாரி உண்டா?

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தம்பி கேட்டார்: ஆலையை மூடிவிட்டால் நம் பையன்களின் வேலை போகுமே என்று. அந்த மொஹல்லாவில் பாதி வீட்டில் ஆலைச் சம்பளம்தான். தம்பி, மூடச் சொல்லி நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அனுமதியில் போட்டிருக்கும் நிபந்தனைப்படி நடத்து என்றுதான் எழுதினோம். நாற்றம் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று எங்களுக்குச் சொன்னதே உள்ளே வேலை பார்க்கும் பையன்கள்தான். அவர்கள் பெயரை நோட்டில் எழுதவில்லை.

அதே அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு. நோட்டைப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்த நேரம். டீக்கடை ஓரத்தில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் எதுவும் பேசவில்லை. உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், ஆலை மதில் ஓரம் நின்று கருவியை வைத்துக்கொண்டிருந்தார். ஆலைக்கு நோட்டீஸ் போனது. அந்தத் தொட்டிக்கு மூடி போட்டார்கள்.

இப்போதும் மாதத்தில் இரண்டு மூன்று இரவு வாடை வருகிறது. நோட்டு மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. பேனாவை யாரோ எடுத்துப் போய்விடுகிறார்கள் என்பதால் இப்போது கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.